செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஆடுவது எப்படி: வெளியூர் ஆட்டக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஓல்ட் கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானம் தனியார் கிளப்புக்குச் சொந்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது பொது நிலம். லிங்க்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பு அதை நிர்வகிக்கிறது. தகுதியான ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், சிறிதாக இருந்தால் திறமை கூடுதல்) உள்ள எவரும், எந்த நாட்டவரானாலும், கட்டணம் கட்டி ஆடலாம். சிபாரிசு தேவையில்லை, உறுப்பினராக இருக்கவும் தேவையில்லை.

அப்படியிருந்தும் ஆடாமலே திரும்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பணமோ திறமையோ காரணம் இல்லை, வேலைகளைச் செய்யும் வரிசைதான் தவறிப்போகிறது. விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, ஹேண்டிகேப் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடுகிறார்கள். வெள்ளிக்கிழமை போய் இறங்கி, ஞாயிறு மாலை கிளம்புகிறார்கள். எதை எப்போது செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். கட்டணமும் நேரமும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் லிங்க்ஸ் டிரஸ்டின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதல் வேலை ஹேண்டிகேப்

ஓல்ட் கோர்ஸில் ஆட அதிகாரபூர்வ ஹேண்டிகேப் கட்டாயம். ஆண், பெண் இருவருக்கும் உச்சவரம்பு 36. அதற்குள் இருக்க வேண்டும், அதைக் காட்டும் சான்றும் கையில் இருக்க வேண்டும். "நான் சுமாராக 90 அடிப்பேன்" என்று வாயால் சொன்னால், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அலுவலரான ஸ்டார்ட்டர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

உங்களிடம் ஹேண்டிகேப் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். 2020 முதல் நடப்பில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில், மொத்தம் 54 ஹோல்களின் (குழிகளின்) ஸ்கோர் பதிவானால் முதல் ஹேண்டிகேப் கிடைத்துவிடும். அதாவது மூன்று முழு ஆட்டங்கள், அல்லது ஒன்பது ஹோல் ஆட்டங்களும் சேர்த்து அதே கணக்கு. ஆனால் அதை உங்கள் கிளப் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். அதற்கே சில வாரங்கள் போய்விடும். அதனால்தான் இதை முதல் வேலையாக வைக்கிறேன்.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். கிளப் பதிவேட்டில் "எஸ். முருகன்" என்று முன்னெழுத்தோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். விண்ணப்பத்தில் மூன்றாவதாக வேறொரு வடிவம் போடுகிறார்கள். அங்கே புகைப்பட அடையாளத்தையும் ஹேண்டிகேப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், இரண்டிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். கிளப் செயலரிடம் சொல்லி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைத் திருத்தி வாங்கிவிடுங்கள். ஊரில் இருக்கும்போது இது ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை. அங்கே போன பிறகு நேர வித்தியாசத்தில் யாரையும் பிடிக்க முடியாது.

சான்றிதழைக் காகிதத்தில் ஒரு பிரதி, போனில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அண்மைத் தேதியிட்டதாக இருக்கட்டும்.

2. மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்வது

ஓல்ட் கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி நடக்கும் சில ஞாயிறுகள் மட்டும் விதிவிலக்கு. அன்று அது ஊர்மக்கள் நடக்கும் பூங்கா. வார இறுதிப் பயணமாக வருபவர்களுக்குச் சனி ஒரு நாள்தான் மிஞ்சும். அந்த ஒரு நாளை நம்பி ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறப்பது நியாயமே இல்லை.

குறைந்தது நான்கு வேலைநாட்கள் ஊரில் இருக்கும்படி திட்டமிடுங்கள். இடம் குலுக்கலில் கிடைப்பதால், ஒவ்வொரு கூடுதல் நாளும் ஒரு கூடுதல் வாய்ப்பு. சனிக்கிழமை வந்து இறங்கி வெள்ளி அல்லது அடுத்த சனி கிளம்புவது என் கணக்கில் மிகச் சரியான அமைப்பு. ஏன் என்பது 4-ஆம் பகுதியில் தெரியும்.

மாதத்தைப் பொறுத்தவரை, மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம், கூட்டமும் அப்போதுதான். ஜூன் மாதம் இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறையும் என்பதால் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் பதினெட்டு ஹோலை முடித்துவிடலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் குளிர் கூடுதல், போட்டி குறைவு. நவம்பர் முதல் மார்ச் வரை கட்டணம் நன்றாகக் குறையும், ஆனால் ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி) புல்லைக் காப்பதற்காகச் சிறு விரிப்பின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார்கள். முதல்முறை போகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தரையின் மேல் பந்தை அடிக்கும் உணர்வுக்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்!

தேதி குறிக்கும் முன் மூடப்படும் நாட்களின் பட்டியலைப் பாருங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் டன்ஹில் லிங்க்ஸ் போட்டி நடக்கும். செப்டம்பரில் இந்த ஊரின் தனியார் கிளப்பான ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் சந்திப்பு உண்டு. 2027 ஜூலையில் ஓப்பன் சாம்பியன்ஷிப் இங்கே நடக்கிறது. அதையொட்டிய வாரங்களில் வெளியாட்களுக்கு இடம் மிகவும் சுருங்கிவிடும்.

3. இடம் கிடைக்கும் வழிகள்

முதல் வழி, முன்பதிவு. அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களை முந்தைய கோடையின் முடிவில், ஆகஸ்ட் கடைசி வாக்கில் வாங்கத் தொடங்குவார்கள். கேட்பவர் அதிகம், இடம் குறைவு. தேதியில் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தால் முயன்று பாருங்கள்.

இரண்டாவது, அங்கீகரிக்கப்பட்ட பயண நிறுவனங்களின் தொகுப்பு. ஹோட்டல், மற்ற மைதானங்கள் எல்லாம் சேர்த்து விற்பார்கள். இடம் உறுதி. ஆனால் ஆட்டக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும். மூத்த வயதில் ஒரே ஒரு முறை போகிறவர், அல்லது எட்டுப் பேர் ஒரே நாளில் ஆடியே தீர வேண்டும் என்கிற குழு என்றால் இதை யோசிக்கலாம். அங்கீகாரம் இல்லாத இடைத்தரகர் "இடம் வாங்கித் தருகிறேன்" என்றால் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் பெற்றவர் யார் யார் என்பதை லிங்க்ஸ் டிரஸ்டிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, இரண்டு நாள் முன்பு நடக்கும் குலுக்கல். நான்காவது, தனியாக வருபவர்களுக்கான தினக் குலுக்கல். நம்மில் பெரும்பாலோருக்கு இவை இரண்டும்தான் வழி. அதிகப்படி பணம் எதுவும் இல்லை, வழக்கமான ஆட்டக் கட்டணம் மட்டுமே. 2025 கோடையில் அது 340 பவுண்டு.

4. குலுக்கலில் பெயர் கொடுப்பது

இரண்டு முதல் நான்கு பேர் வரை ஒரு விண்ணப்பமாகக் கொடுக்கலாம். ஒவ்வொருவரின் பெயர், சொந்த கிளப், ஹேண்டிகேப் ஆகிய விவரங்கள் வேண்டும். இணையத்திலேயே கொடுத்துவிடலாம், ஊரில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கெடு, ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பகல் 2 மணி. செவ்வாய் ஆட வேண்டுமானால் ஞாயிறு பகல் 2 மணிக்குள். புதனுக்குத் திங்கள். வியாழனுக்குச் செவ்வாய். திங்கள் ஆடுவதற்குச் சனி. முடிவு அன்று மாலையே தெரிந்துவிடும்.

இது பிரிட்டன் நேரம். கோடையில் அங்கே பகல் 2 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 6.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 9. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றிய பிறகு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். போன் எந்த நாட்டு நேரத்தைக் காட்டுகிறது என்று கவனிக்காமல் கெடுவைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை இறங்குங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். திங்கள் ஆட்டத்துக்கு சனி பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் விமானத்தில் இருக்கக்கூடும், ஆகவே ஏறும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஞாயிறு செவ்வாய்க்குக் கொடுக்கிறீர்கள். இப்படித் தினமும் ஒன்று. பெயர் வரும்வரை ஒரு நாளும் விடக்கூடாது. "நேற்று வரவில்லை, இன்று எதற்கு" என்று விட்டவரைவிட, ஐந்து நாளும் விடாமல் கொடுத்தவருக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

விண்ணப்பத்தில் எந்த நேரம் வேண்டும் என்று கேட்பார்கள். "எந்த நேரமானாலும் சரி" என்று போடுங்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என்று குறுக்கினால் வாய்ப்பும் குறுகும்.

ஒருவர் பெயர் ஒரு நாளைக்கு ஒரே விண்ணப்பத்தில்தான் வர வேண்டும். வாய்ப்பைக் கூட்டலாம் என்று அதே ஆளை இரண்டு குழுவில் சேர்க்காதீர்கள். மனைவி ஒரு விண்ணப்பம், கணவன் ஒரு விண்ணப்பம் என்று இருவரும் ஒரே பெயர்களைக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. குழுவில் ஒருவர் மட்டும் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

எட்டுப் பேர் வந்தால் நான்கு நான்காக இரண்டு விண்ணப்பம். ஒரு நால்வருக்கு வந்து, மற்ற நால்வருக்கு வராமலும் போகலாம். அப்போது என்ன செய்வது என்று விமானம் ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த மாலையில் அதைப் பேச ஆரம்பித்தால் மனக்கசப்பில்தான் முடியும்.

5. தனியாகப் போகிறவருக்கு

முன்பெல்லாம் தனி ஆட்டக்காரர்கள் விடிய விடிய ஓல்ட் பெவிலியன் வாசலில் குளிரில் வரிசை நிற்பார்கள். 2024 முதல் அது இல்லை. ஆட்டத்துக்கு முதல் நாள் பகலில், காலை 9 முதல் மாலை 5 மணிக்குள், நேரில் வந்து பெயரைப் பதிந்தால் போதும். இரண்டு பேர், மூன்று பேர் மட்டுமே உள்ள குழுக்களில் காலியாக இருக்கும் இடங்களுக்கு மாலையில் குலுக்கி, முடிவை போனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நேரில் வர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். எடின்பரோவில் தங்கிக்கொண்டு இதை முயல்வது வீண் அலைச்சல். பதிவுக்குப் போகும்போதே அடையாள அட்டையும் ஹேண்டிகேப் சான்றும் எடுத்துச் செல்லுங்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அதிகாலை மூன்று மணிக்குப் போர்வையோடு போய் நிற்க வேண்டாம்.

தனியாக வந்தவர் தங்கும் விடுதியிலேயே இன்னொரு தனி ஆளைக் கண்டுபிடித்தால், இருவராகச் சேர்ந்து இரண்டு நாள் குலுக்கலுக்கும் பெயர் கொடுக்கலாம். காலை உணவு மேசையில் பேச்சுக் கொடுங்கள். அந்த ஊரில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

6. விசா, டிக்கெட், மட்டைப் பை

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குப் பிரிட்டன் சுற்றுலா விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி வாங்கியாக வேண்டும். அதை மறந்தால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

மட்டைகளை எடுத்துப்போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? ஒரு வாரம் ஆடுவதாக இருந்தால் சொந்த மட்டைதான் நல்லது. ஓரிரு ஆட்டம் மட்டும் என்றால் வாடகைக்கு நல்ல செட்டே கிடைக்கும். எடுத்துப்போனால், டிரைவர் என்ற நீள மட்டையின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். பை சுமக்க வசதியான இலகுவான பையாக இருக்கட்டும். ஓல்ட் கோர்ஸில் காலை நேரத்தில் ட்ராலி இழுக்க அனுமதி இல்லை. மருத்துவக் காரணம் இல்லாமல் பக்கியும் (மைதானத்தில் ஓட்டும் சிறு வண்டி) கிடையாது. நம் ஊர் கிளப்களில் பயன்படுத்தும் பெரிய பையோடு போய்த் திண்டாடுகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

காலணியையும் மழைக்கோட்டையும் கைப்பையில் வையுங்கள். வழியில் விமானம் மாறும்போது மட்டைப் பை ஒரு நாள் தாமதமாக வருவது சகஜம். மட்டை வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காலுக்குப் பழகிய காலணி கிடைக்காது.

மழைக்கோட்டு என்றால் மேலும் கீழும் இரண்டும். ஜூனில்கூட பகல் வெப்பம் பதினைந்து, பதினாறு டிகிரியில் நிற்கும். கடற்காற்று வேறு. மெல்லிய கம்பளிச் சட்டை இரண்டு, தலைக்குல்லாய் ஒன்று, ஈரத்தில் பிடி நழுவாத கையுறை ஒரு ஜோடி.

7. போய்ச் சேருவதும் தங்குவதும்

செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் இல்லை, 1969-லேயே மூடிவிட்டார்கள். எடின்பரோ விமான நிலையத்திலிருந்து டிராமில் ஹேமார்க்கெட் நிலையம், அங்கிருந்து டண்டீ, அபர்டீன் பக்கம் போகும் ரயிலில் லூகார்ஸ். சுமார் ஒரு மணி நேரம். லூகார்ஸ் நிலைய வாசலிலிருந்து 99-ஆம் எண் பஸ் அல்லது டாக்சி, பத்துப் பதினைந்து நிமிடம். நான்கு பேர், நான்கு மட்டைப் பை என்றால் விமான நிலையத்திலிருந்தே வேன் பேசுவது வசதி.

அறைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இது பல்கலைக்கழக ஊர். பட்டமளிப்பு நடக்கும் கோடைத் தொடக்க வாரத்தில் அறையே கிடைக்காது. மாணவர்கள் ஊருக்குப் போன பிறகு பல்கலைக்கழக விடுதி அறைகளை வாடகைக்கு விடுவார்கள். சுத்தமாக இருக்கும், மைதானத்துக்கும் தூரம் இல்லை, ஹோட்டலைவிட மலிவு. அதுவும் இல்லையென்றால் டண்டீயில் தங்கலாம், அதே 99-ஆம் எண் பஸ் அங்கேயும் போகிறது. ஆனால் தனி ஆளுக்கான குலுக்கலை நம்பி வருபவர் ஊருக்குள்ளேயே தங்குவதுதான் நல்லது.

8. ஓல்ட் கோர்ஸுக்கு முன் இன்னொன்றில் ஆடுங்கள்

லிங்க்ஸ் டிரஸ்டின் கையில் ஏழு மைதானங்கள் இருக்கின்றன: ஓல்ட், நியூ, ஜூபிலி, ஈடன், ஸ்ட்ராத்டைரம், ஒன்பது ஹோல் கொண்ட பால்கோவ், ஊருக்கு வெளியே கடலோரக் குன்றின் மேல் 2008-இல் திறந்த காசில். ஓல்ட் தவிர மற்றவற்றில் இடம் பிடிப்பது எளிது.

இறங்கிய மறுநாளே ஓல்ட் கோர்ஸில் ஆடாதீர்கள். தூக்கக் கலக்கம் ஒரு காரணம், தரை இன்னொரு காரணம். நம் ஊர் மைதானங்களில் பந்தை உயரத் தூக்கி அடித்தால் விழுந்த இடத்தருகே நிற்கும். இங்கே மணல் மேல் வளர்ந்த குட்டைப் புல், அடியில் இறுகிய தரை. க்ரீனில் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தளம்) போய் விழுந்த பந்து முப்பது அடி ஓடி பின்பக்கமாக இறங்கிவிடும். க்ரீனுக்கு இருபது அடி முன்னால் விழச் செய்து உருட்டிவிடப் பழக வேண்டும். சாய்ந்த முகமுள்ள வெட்ஜ் மட்டை இந்தத் தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் நடுவயிற்றில் அடிக்கும். க்ரீனுக்கு வெளியே முப்பது, நாற்பது கெஜம் தள்ளிக் கிடந்தாலும், பந்தை உருட்டிவிடும் மட்டையான புட்டரை எடுப்பது வெட்கம் இல்லை. அங்கே ஊர்க்காரர்கள் செய்வதே அதுதான்.

இதைப் பழக ஈடன் மிகப் பொருத்தம். ஹாரி கோல்ட் 1914-இல் அமைத்தது, ஆட்டக்காரரை வதைக்காது. அடுத்து நியூ. பெயர்தான் நியூ, திறந்தது 1895-இல், அமைத்தவர் ஓல்ட் டாம் மாரிஸ். ஓல்ட் கோர்ஸை ஒட்டியே கிடப்பதால் காற்றும் தரையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் நியூவை எடுங்கள். ஜூபிலி கடினமானது, அதைப் பயணத்தின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஹேண்டிகேப் இல்லாமல் கூட வந்திருக்கும் குடும்பத்தாருக்கு ஸ்ட்ராத்டைரமும் பால்கோவும் இருக்கின்றன. இன்னொன்று, ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்திலேயே "ஹிமாலயாஸ்" என்ற மேடுபள்ளமான பெரிய புட்டிங் க்ரீன். 1867-இல் தொடங்கிய பெண்கள் புட்டிங் கிளப்புடையது, சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். குழந்தைகள் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள், நீங்கள் க்ரீனின் வேகத்தைக் கற்றுக்கொள்வீர்கள்.

9. ஞாயிறு நடை

மைதானம் மூடிய ஞாயிற்றுக்கிழமையில் பதினெட்டு ஹோலையும் காலாற நடந்து பாருங்கள். அனுமதி வேண்டியதில்லை. இந்த ஒரு வேலைக்கு நான் கொடுக்கும் மதிப்பு, எந்த வரைபடப் புத்தகத்துக்கும் கொடுப்பதில்லை. ஏனென்றால் டீயில் (ஒவ்வொரு ஹோலையும் தொடங்கும் இடம்) நின்று பார்த்தால் பங்கர்கள் (மணல் பள்ளங்கள்) பெரும்பாலும் கண்ணில் படாது. மொத்தம் 112 பங்கர்கள், பல ஒரு மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஒவ்வொரு டீயிலும் நின்று இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். போகும் ஹோல்களுக்கும் திரும்பும் ஹோல்களுக்கும் இடப்பக்கம்தான் அகலம், பக்கத்து ஃபேர்வே அங்கே இருக்கிறது. வலப்பக்கம் போகும்போது முள்புதர், திரும்பும்போது பல ஹோல்களில் எல்லைச் சுவர். சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடி என்பதை நடந்து பார்த்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

14-ஆம் ஹோலில் ஹெல் பங்கரின் விளிம்பில் நின்று கீழே பாருங்கள். 17-இல் க்ரீனை ஒட்டிய ரோடு பங்கர், அதற்குப் பின்னால் தார்ச்சாலை, அதற்கும் பின்னால் கல்சுவர். மூன்றும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை நேரில் பார்த்தால்தான் அந்த ஹோலில் எதற்கு ஆசைப்படக்கூடாது என்பது புரியும்.

10. ஆடும் நாள்

முதல் டீக்குப் பின்னால் நிற்கும் சாம்பல் நிறக் கல் கட்டடம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப். அது உறுப்பினர்களுக்கு மட்டும். உடை மாற்ற, சாப்பிட, பொருள் வைக்க லிங்க்ஸ் கிளப்ஹவுஸ் சற்றுத் தள்ளி இருக்கிறது. புதியவர்கள் நேரே அந்தக் கல் கட்டடத்தின் கதவைத் தட்டப் போய்விடுகிறார்கள்.

அரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். பாஸ்போர்ட், ஹேண்டிகேப் சான்று இரண்டும் கையில் இருக்கட்டும், அறைப் பெட்டியில் அல்ல. பயிற்சி மைதானம் முதல் டீக்கு அருகில் இல்லை. அங்கே பந்து அடித்துவிட்டு வர நினைத்தால் இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

பை சுமந்து வழிகாட்டும் கேடி (caddie) வேண்டுமானால் குலுக்கல் முடிவு வந்த உடனே கேட்டுவிடுங்கள். செலவு கூடத்தான் செய்யும், ஆனாலும் இந்த ஒரு மைதானத்தில் அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். க்ரீன்களில் ஏழு, இரண்டு ஹோல்களுக்குப் பொதுவானவை. எந்த மேட்டின் மேல் குறிவைப்பது என்பது புதியவருக்குத் தெரியாது, கேடி கையை நீட்டிக் காட்டும் இடத்தில் அடித்தால் போதும். கட்டணத்தையும் அதன்மேல் கொடுக்கும் அன்பளிப்பையும் ரொக்கமாக அவர் கையில் கொடுப்பது வழக்கம். முந்தின நாளே ஏ.டி.எம். போய் வந்துவிடுங்கள்.

11. மைதானத்துக்குள்

முதல் ஹோல். பின்னால் ஊரே நின்று பார்ப்பதுபோல இருக்கும், கை நடுங்கும். ஃபேர்வே 18-ஆம் ஹோலோடு சேர்ந்து அவ்வளவு அகலம், இடப்பக்கம் எங்கே அடித்தாலும் பந்து கிடைக்கும். வலப்பக்கம் மட்டும் எல்லை. டிரைவரை உறையிலேயே விடுங்கள், ஹைப்ரிட் மட்டை போதும். இரண்டாவது அடியில்தான் கவனம் வேண்டும், ஸ்வில்கன் ஓடை க்ரீனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. நீங்கள் நினைத்த மட்டையைவிட ஒன்று பெரியதாக எடுங்கள். க்ரீனைத் தாண்டிப் போனால் நஷ்டம் இல்லை, ஓடையில் விழுந்தால் ஓர் அடி போச்சு.

ஃபேர்வேயைக் கடந்து ஒரு பொதுப்பாதை போகிறது. சுற்றுலாப் பயணிகளும் கார்களும் அதில் கடந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் போகும்வரை காத்திருங்கள். பந்து ஆட்கள் பக்கம் போனால் தயங்காமல் "ஃபோர்" என்று கத்துங்கள்.

இரட்டை க்ரீன்களில் கொடியின் நிறத்தைப் பாருங்கள். போகும் ஒன்பதுக்கு வெள்ளை, திரும்பும் ஹோல்களுக்குச் சிவப்பு, 18-இல் மட்டும் மறுபடி வெள்ளை. தப்பான கொடிக்கு அருமையாக அடித்துவிட்டு, அறுபது கெஜ தூரத்துக்குப் புட் அடிக்க நிற்பவர்கள் தினமும் உண்டு. எண்களைக் கூட்டிப் பார்த்தாலும் வழி தெரியும். ஒரே க்ரீனைப் பகிரும் இரண்டு ஹோல்களின் எண்களைக் கூட்டினால் 18 வரும்: 2-உம் 16-உம், 5-உம் 13-உம்.

7-ஆம் ஹோலும் 11-ஆம் ஹோலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அங்கே நின்று இரு பக்கமும் பார்த்து, எதிர்க் குழுவுக்குக் கை காட்டிவிட்டு அடியுங்கள்.

பங்கரில் விழுந்தால், முன்னால் சுவர் இருக்கிறதென்றால் பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியே எடுங்கள். புல்கட்டிகளை அடுக்கிய செங்குத்துச் சுவர் அது. வீம்புக்கு முன்னால் அடித்தால் பந்து திரும்பி உங்கள் காலடிக்கே வரும். ஓர் அடியை விட்டுக்கொடுத்தால் மூன்று அடி மிஞ்சும்.

17-இல் டீயிலிருந்து, மைதானத்தை ஒட்டிய ஹோட்டலின் பச்சைக் கொட்டகை மூலைக்கு மேலே அடிக்க வேண்டும். துணியாதவர் இடப்பக்கம் அடிக்கலாம். இரண்டாவது அடியை க்ரீனுக்கு எட்டாமல் முன் வலப்பக்கம் விட்டு, அங்கிருந்து புட்டரால் ஏற்றுங்கள். சாலையில் பந்து கிடந்தால் கிடக்கிற இடத்திலேயே அடிக்க வேண்டும், இலவச விலக்கு இல்லை.

வேகம் முக்கியம். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க எதிர்பார்ப்பார்கள், மார்ஷல் வந்து சொல்வார். ஸ்வில்கன் பாலத்தில் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். 18-இல் நால்வரும் டீ அடித்த பிறகு, நடக்கும் வழியில் ஒரு படம் தனியாக, ஒரு படம் கூட்டாக, அவ்வளவுதான். பின்னால் நிற்கும் நால்வரும் உங்களைப் போலவே காத்திருந்து வந்தவர்கள். பாலம் தாண்டி க்ரீனுக்கு முன்னால் வேல்லி ஆஃப் சின் (Valley of Sin) என்ற பள்ளம் இருக்கிறது. க்ரீனுக்கு எட்டாமல் விழுந்தால் பந்து அதில் உருண்டு இறங்கிவிடும். புட்டரை எடுத்து, கணக்கைவிடப் பலமாகத் தள்ளுங்கள்.

12. குலுக்கலில் பெயர் வராத நாட்கள்

மாலையில் முடிவு சாதகமாக இல்லையென்றால், அந்த நாளுக்கு வேறிடம் உடனே பிடித்துவிடுங்கள். மறுநாள் காலைவரை காத்திருந்தால் நல்ல நேரங்கள் போய்விடும்.

பக்கத்தில் கிரெய்ல் இருக்கிறது. அங்கே பால்கோமி மைதானம் 1895-இல் ஓல்ட் டாம் மாரிஸ் அமைத்தது, கடலை ஒட்டியே பல ஹோல்கள், கட்டணமும் நியாயம். கிங்ஸ்பார்ன்ஸ் 2000-இல் திறந்தது. காட்சி அபாரம், விலையும் அப்படியே. டே நதிக்கு அந்தப் பக்கம் ஓப்பன் நடக்கும் கார்னூஸ்டி, அதுவும் வெளியாட்களுக்குத் திறந்தது. காற்றடிக்கும் நாளில் அங்கே நல்ல ஸ்கோரை எதிர்பார்க்காமல் போங்கள்.

என் விருப்பம் ஈலி. முதல் டீக்கு எதிரே ஒரு மேடு ஃபேர்வேயை மறைக்கிறது. முன்னால் போன குழு விலகிவிட்டதா என்று பார்க்க, ஸ்டார்ட்டர் குடிசையில் பழைய நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பை நட்டுவைத்திருக்கிறார்கள். போனில் கேட்டுவிட்டுப் போனால் வேலைநாட்களில் பெரும்பாலும் இடம் கிடைக்கும். அங்கிருந்து திரும்பும் வழியில், பகல் 2 மணிக்குள், அன்றிலிருந்து இரண்டாம் நாள் ஆட்டத்துக்கான பெயரைக் கொடுத்துவிடுங்கள்.